ஐந்து இடத்தில் அறுத்தால் போதுமா?

புது நெல் ரகத்தின் விளைச்சலை அறிய, நல்ல இடமாகப் பார்க்காமல், வயலில் ஆங்காங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஐந்து இடங்களில் அறுக்கிறீர்கள். 12, 14, 13, 16, 15 கிலோ கிடைத்தால் சராசரி 14.

வேறு ஐந்து இடங்களில் அறுத்தால் சராசரி மாறும். அதையும் கணக்கிட வேண்டும். இங்கு திட்ட விலக்கம் 1.58. அதை 5-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.71. மாதிரி ஐந்தே என்பதால், வழக்கமான 1.96-க்குப் பதில் 'டி' அட்டவணையின் 2.776-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 2 வரும். எனவே 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 12 முதல் 16 கிலோ.

பழைய ரகம் வழக்கமாக 13 கிலோ தந்தால், அதுவும் இந்த எல்லைக்குள்தான். புது ரகமே மேல் என்று இப்போதே முடிவு செய்ய முடியாது. அடுத்த பட்டத்திலும் ஒரு பகுதியில் மட்டும் விதைத்து, பத்து இடங்களில் அறுத்துப் பாருங்கள்.