சலவை இயந்திரம் வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்!

சென்னை அசோக் நகரில் அடுக்குமாடி வீடுகள் ஏராளம். அங்கே விலை உயர்ந்த சலவை இயந்திரம் வாங்குவோர், முதலில் வீட்டுக் குழாயைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் திரிந்து போகிறதா? அது உப்புத் தண்ணீர். ஆழ்குழாய்க் கிணறுகளில் இது சகஜம். வெந்நீரில் துவைக்கும் இயந்திரத்தில், இந்த உப்பு ஹீட்டர் மீது வெள்ளையாகப் படியும். நாளடைவில் ஹீட்டரே கெட்டுவிடும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கிறீர்களா? அங்கே குழாயில் வேகம் குறைவு. தண்ணீர் போதாமல் இயந்திரம் பாதியில் நின்றுவிடலாம். தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று கடையில் கேளுங்கள்.

முன்பக்கக் கதவு இயந்திரம் விலை அதிகம். ஆனால் தண்ணீர்ச் செலவு குறைவு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது லாபமே. குழாய் ஒத்துழைத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன்!