உங்களுக்குத் தெரியுமா? குவார்ட்டர்பேக் ஸ்தானத்துக்கு வாரிசு

அமெரிக்கக் கால்பந்தில், முன்னால் நிற்கும் சக வீரரின் கால்களுக்கிடையே பின்னால் வரும் பந்தைக் கையில் வாங்கி, எதிரணியினர் மேலே விழுவதற்குள் அதை யாருக்கு எறிவது என்று நிச்சயிக்கும் குவார்ட்டர்பேக்கின் ஸ்தானம் காலியானால், அணிக்குள்ள மார்க்கங்கள் முக்கியமாக மூன்று: கல்லூரி வீரர்களை வரிசைக் கிரமமாகத் தேர்ந்தெடுக்கும் வருஷாந்தர டிராஃப்ட், பிற அணியோடு பரிவர்த்தனை, ஒப்பந்தம் முடிந்தவரைச் சம்பளம் பேசி அழைத்துக்கொள்வது.

விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே பாக்கர்ஸ் அணி, அட்லாண்டா அணியில் பெரும்பாலும் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிரெட் ஃபாவ்ரை 1992-இல் தன் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றைக் கொடுத்தே வாங்கியது. அவரோ அங்கே பதினாறு பருவங்கள் ஆடினார். அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2005-ஆம் ஆண்டு டிராஃப்டில், முதல் ஆளாகவே போய்விடக்கூடும் என்று பேசப்பட்டு, நியூயார்க்கில் மணிக்கணக்காகக் காத்திருந்து 24-ஆம் ஆளாக அழைக்கப்பட்ட ஆரன் ராட்ஜர்ஸை எடுத்து, மூன்று பருவங்கள் பொறுமையாக உட்காரவைத்து, 2008-இல் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வெள்ளம் வருமுன் அணைபோட்ட இந்த யுக்தியே மூன்றிலும் சிரேஷ்டமானது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் பதவியில் இருப்பவருக்கு அது ருசிக்குமா என்பது வேறு விஷயம். ராட்ஜர்ஸ் இருக்கையிலேயே, 2020-இல், ஜோர்டன் லவ் 26-ஆம் ஆளாக எடுக்கப்பட்டார். 2023-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார்.

அதிர்ஷ்டமும் உண்டு: 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 198 பேர் எடுக்கப்பட்ட பிறகே நியூ இங்கிலாந்து அணி தேர்ந்தெடுத்த டாம் பிரேடி, பிற்பாடு பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஏழு வெற்றிகளைப் பெற்றார்.