கொழுந்தின் தாய்வழி

தலவாக்கலைச் சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்து வழங்கிய டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 ஆகிய இனங்களை மலையகத்துத் தவறணைகளில் வேலை செய்வோர் தனித்தனிச் செடிகளாகவே அறிவர். அவ்வாறு கருதுவதில் தவறுமில்லை. எனினும் இவையனைத்தும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியில், தந்தை இன்னதென்று அறியப்படாத மகரந்தம் சேர்ந்து விளைந்த வித்துக்களின் வழிவந்தவை. ஆதலால் இச்சகோதரச் செடிகளின் இலைகளுக்குள் பொதுவான ஓர் அம்சம் உண்டு.

அது பச்சையவுருமணியின் டி.என்.ஏ. ஆகும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நீரில் தனித்து ஜீவித்த நீலப்பச்சை நுண்ணுயிர் ஒன்று வேறோர் உயிரணுவினுள் புகுந்து நிலைபெற்றதன் வம்சமே, இன்று சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சையவுருமணி. எனவே கருவிலுள்ள டி.என்.ஏ.க்குப் புறம்பாக அதற்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. இருக்கின்றது. நெல்லில் அது 134,525 மூலச் சோடிகள் கொண்டதென்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1989இல் முழுமையாக வாசித்தறிந்தனர். தேயிலையில் அது ஏறத்தாழ 157,000. கருவின் டி.என்.ஏ. பெற்றோர் இருவரிடமிருந்தும் கலந்து வர, இதுவோ நெல்லிலும் தேயிலையிலும் தாயிடமிருந்தே வருகின்றது.

ஆகவே தலைமுறை பல கடந்தும் கலப்புறாத இதில் எப்போதோ நேர்ந்த சிறு பிறழ்வுகள், பயிரின் தாய்வழிச் சரித்திரத்தைக் காக்கும் சாசனங்களாகின்றன. இண்டிகா நெல்லில் பெரும்பாலும் 69 மூலச் சோடிகளாலான ஒரு துண்டு காணப்படுவதில்லை. ஜப்போனிக்கா நெல்லில் அது உண்டு. நெல்மணியின் தோற்றத்தால் தெளியாத தாய்வழியை இவ்வொரு குறையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

தாய்வழி ஒன்றாயிருப்பதில் அபாயமும் உண்டு. 1970இல் அமெரிக்கச் சோளவயல்களை ஓர் இலைக்கருகல் நோய் பெருமளவில் அழித்தபோது, அதற்குக் காரணமாயிருந்தது, பச்சையவுருமணியைப் போலவே தாய்வழி வரும் இழைமணியில், அவ்வயல்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாயிருந்த ஓர் இயல்பே. 1869இல் இலங்கையில் தோன்றிய துருநோய் நம் கோப்பித் தோட்டங்களை அழித்ததையும், 1946இல் கொப்புளநோய் தேயிலைக்கு வந்ததையும் அறிந்த மலையகத்தார்க்கு இதன் கனம் விளங்கும்.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய காலமுதல் நெடுங்காலம் மலைகளில் நடப்பட்டது விதைத் தேயிலையே. சீனமும் அஸ்ஸாமும் கலந்த அவ்வித்துக்களில் ஒவ்வொரு செடியும் தன்வழி தனிச்செடி. வெட்டுத்துண்டால் பெருக்கும் வி.பி. தேயிலையோ ஒரே செடியின் பிரதிகள். விளைச்சல் கருதி வி.பி. நடுவதை நான் குறைகூறேன். ஏழைத் தொழிலாளரின் பறிநிறை அதனால் உயர்கின்றது. ஆயின் முதிர்ந்த விதைத் தேயிலை மலையொன்றைப் பிடுங்கித் தள்ளுமுன்னர், அதில் வறட்சியையும் நோயையும் தாங்கி நிற்கும் செடிகளை, அவற்றை நாள்தோறும் பறிக்கும் பெண்களிடமே கேட்டறிந்து, அவற்றின் வாதுகளை வெட்டித் தவறணையில் பதியன் வைத்துக் காப்பாற்றுமாறு தோட்ட நிர்வாகங்களையும் ஆராய்ச்சியாளரையும் வேண்டுகிறேன்.