பனிச்சாலையில் பிக்-அப்: எந்த டயர் போடுவது?



பனியே விழாத கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, மழைக்கோட்டைத் தவிர வேறு கோட்டு போட்டறியாத நான் பனிக்கால டயரைப் பற்றி எழுத வந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். இதைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு போன் கால். சரியாகச் சொன்னால், அந்தப் போனில் நான் சொன்ன ஒரு தவறான பதில்.

என் பெரியப்பா மகன் கனடாவில் கால்கரி நகரில் டைல்ஸ் வேலை செய்கிறார். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி கூடப் போகும். 2023 நவம்பரில் ஒரு நாள், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்-அப்பில் லோடு இல்லாமல் வந்தவர், சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக் மிதித்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. சிக்னலையும் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துப் பனிக்குவியலில் முட்டித்தான் நின்றது.

"ஃபோர் வீல் டிரைவ்லதான் மக்கா வந்தேன். அப்படியும் நிக்கல. ஒரு அம்மா பிள்ளையக் கூட்டிக்கிட்டு அப்பத்தான் ரோட்டைக் கடந்து ஏறினாங்க. ரெண்டு செகண்ட் முந்தி நான் வந்திருந்தா... நினைச்சாலே கை நடுங்குது. நீ ஆட்டோமொபைல்லா படிக்கே, என்ன டயர் போடணும் சொல்லு" என்றார்.

படிக்கிறவன் என்ற பெருமையில் யோசிக்காமல் சொன்னேன்: "பிக்-அப் அடிப்படையில பின்சக்கர டிரைவ்தானே அண்ணே. பின்னால ரெண்டு ஸ்நோ டயர் போடுங்க, போதும்."

மறுநாள் எங்கள் விரிவுரையாளரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பிரேக் எத்தனை வீலில் இருக்கு?"

"நாலிலும் சார்."

"அப்போ டயர் மட்டும் ஏன் ரெண்டு?"

பதில் இல்லை. அன்று லைப்ரரியில் உட்கார்ந்தவன் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

1. கிளம்புவது வேறு, நிற்பது வேறு

ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் மிதிக்கும்போது அதனால் பெரிய லாபம் இல்லை. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. கடைசியில் வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

மெக்கானிக்ஸில் படித்த சூத்திரம் நினைவிருக்கிறதா? நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி அதை இரட்டித்து வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது. 50 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார் ரோட்டில் (கெழு சுமார் 0.7) 14 மீட்டர். இறுகிய பனியில் (0.2) 49 மீட்டர். வழுக்கும் ஐஸில் (0.1) 98 மீட்டர்! இந்தக் கணக்கில் வண்டியின் எடையே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். "நம்மது பெரிய வண்டி, நின்றுவிடும்" என்பது வெறும் நம்பிக்கை.

சரி, ரெண்டு டயர் மட்டும் போட்டால் என்ன ஆகும்? பின்னால் மட்டும் போட்டால் முன்சக்கரத்துக்குப் பிடி இருக்காது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போகும். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வீசி, வண்டியே சுற்றிவிடும். ஆகவே போட்டால் நாலு.

2. ரப்பரில் என்ன வித்தியாசம்?

வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். விறைத்த ரப்பர் ரோட்டின் மேடுபள்ளத்தில் ஒட்டாது. பனி டயரின் கலவையில் இயற்கை ரப்பர், சிலிகா முதலியவற்றைச் சேர்த்து, கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்கிறார்கள். இயற்கை ரப்பர் கண்ணாடி போல விறைத்துப்போவது மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான். நம் குலசேகரம் பக்கம் விடியற்காலையில் பால் வெட்டி எடுக்கிறார்களே, அதே இனத்து ரப்பர்தான்!

பட்டனிலும் வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் இருக்கும். இவற்றுக்குச் சைப் என்று பெயர். ஐஸைக் கவ்வும் நூற்றுக்கணக்கான விளிம்புகளைத் தருவது இவைதான். பெரிய பெரிய பட்டன் உள்ள சேற்று டயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கீறல் இல்லாத கெட்டிப் பட்டன் ஐஸில் வழுக்கும்.

இந்த டயர் பிறந்ததே லாரிக்காகத்தான். 1934-இல் பின்லாந்தில் முதல் பனி டயரை லாரிகளுக்காகச் செய்தார்கள். கார்களுக்கு வந்தது 1936-இல்.

3. பக்கச்சுவரைப் படியுங்கள்

'எம் ப்ளஸ் எஸ்' என்று பொறித்திருந்தால் அது சேறு, பனி இரண்டுக்கும் என்று பொருள். ஆனால் அந்த எழுத்து பட்டன் அமைப்பை வைத்துத் தருவது. பனியில் ஓட்டிப் பார்த்துத் தருவதல்ல. அண்ணனின் பழைய டயரில் இருந்தது இதுதான்.

நாம் தேட வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ இருக்கும் சின்னம். 1999-இல் வந்தது. இறுகிய பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டு டயரைவிட 10 சதவீதமாவது அதிகப் பிடி காட்டினால்தான் இது கிடைக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார், பிக்-அப்புகளுக்குப் பனி டயர் சட்டப்படி கட்டாயம். அண்ணன் இருக்கும் ஆல்பர்ட்டாவில் அப்படிச் சட்டம் இல்லை. அவரவர் புத்திதான் சட்டம்.

வாங்கும்போது தயாரித்த வாரத்தையும் பாருங்கள். டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால், 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பழைய டயர் என்றால் பட்டன் ஆழத்தை அளக்க வேண்டும். 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்ததைப் பனிக்கு நம்பக் கூடாது.

4. பிக்-அப்புக்கு மட்டும் சில விஷயங்கள்

அகலம்: அழகுக்கு அகல டயர் வேண்டாம். ஆழப் பனியில் குறுகிய டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். 275/55ஆர்20 டயரின் விட்டம் சுமார் 810 மி.மீ.; 265/70ஆர்17-க்கு சுமார் 803 மி.மீ. ஒரு சதவீதம்தான் வித்தியாசம். பிரேக் இடிக்காமல் 17 அங்குல டிஸ்க் உட்காருமென்றால் இப்படி மாற்றலாம். சின்ன டயர் விலையும் பெரும்பாலும் குறைவு.

லோடு: டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே வேதம். அதில் உள்ள லோடு அளவுக்குக் குறைந்த டயர் கூடாது. 'பி' எழுத்துள்ள கார் வகை டயரை பிக்-அப்பில் போட்டால், அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். தினமும் கனத்த லோடு அடிப்பவர் 'எல்.டி.' டயர் போடுவது நல்லது.

மணல் மூட்டை: லோடு இல்லாத பிக்-அப்பின் பின்பக்கம் லேசு. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலைந்து மணல் மூட்டையை அசையாமல் கட்டி வைத்தால் பின்சக்கரத்துக்குப் பிடி கூடும். வாலில் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடி போய்விடும்.

5. காற்றை மறக்காதீர்கள்

20 டிகிரியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் 35 பி.எஸ்.ஐ. காற்று அடித்துவிட்டு, மைனஸ் 20 டிகிரிக்கு வெளியே வாருங்கள். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து, கெல்வினில் கணக்குப் போட்டால் மீட்டர் 28-தான் காட்டும். ஓட்டை ஒன்றுமில்லை, பிசிக்ஸ்தான். வண்டி வெளியே நின்று குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும்.

அன்று இரவே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நேத்து நான் சொன்னது தப்பு. நாலும் மாத்தணும்."

"ரெண்டுக்குத்தான் மக்கா ஆர்டர் குடுத்திருக்கேன். நாளைக்குத்தான் வருது."

"அப்போ இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லுங்க அண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நாலு டயர் என்றால் செலவு ரெட்டிப்பு. பிறகு, "சரி, அந்தப் பிள்ளை முகம் இன்னும் கண்ணுல நிக்குது" என்றார். நாலும் போட்டார். அந்தக் குளிர்காலம் நல்லபடியாகப் போனது. வசந்தம் வந்ததும் நாலையும் கழற்றி வைத்துவிட்டார். மெத்தென்ற ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும் அல்லவா?

நண்பர்களே, நாளை டிப்ளமோ முடித்துவிட்டு நாம் எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும், "என்ன போடலாம் தம்பி?" என்று யாராவது கேட்பார்கள். தெரியாவிட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுவோம். நம் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் பிரேக் மிதிப்பார்கள்.