மைனாரிட்டி பள்ளியில் படிக்கிறதா பிள்ளை? கற்றல் குறைபாட்டுக்கு என்ன உதவி கேட்கலாம்?

‘வாயால கேட்டா எல்லாம் சொல்றான், பேப்பர்ல ஒண்ணும் இல்ல’ - ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். அதனால் அதுவரை மூடிக்கிடந்த சிக்கல் ஒன்பதில்தான் வெளியே வருகிறது. பள்ளி, கத்தோலிக்கச் சபையோ மறைமாவட்டமோ நடத்துவதாக இருந்தால் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ‘இது மைனாரிட்டி ஸ்கூல், கவர்மென்ட் சட்டமெல்லாம் இங்க செல்லாது’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை.

முதலில் பாடத்திட்டம். அரசு உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளியில் நடப்பது மற்ற மாநில வாரியப் பள்ளிகளில் நடக்கும் அதே பாடம்தான். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், அதே பொதுத்தேர்வு. ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளம் அரசுப் பணம். கூடுதலாக இருப்பது மறைக்கல்வி வகுப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் அதற்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது வழக்கம். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனையில் உட்காரவைக்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) சொல்வது இது.

எதிலிருந்து விலக்கு, எதிலிருந்து இல்லை?

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு இருப்பது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து. 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பிரமதி வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. (அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள்.) எப்படியும் அந்தச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைகொடுப்பது வேறொரு சட்டம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் தன் 21 வகைப் பட்டியலில் சேர்த்தது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, கற்பிக்கும் முறையையும் அதற்கேற்ப மாற்ற வழிசெய்யச் சொல்கிறது அதன் 16-வது பிரிவு. மைனாரிட்டி பள்ளி என்று அங்கே தனி விலக்கு கிடையாது.

ஸ்பெஷல் கிளாஸ் போதுமா?

கத்தோலிக்கப் பள்ளிகளின் பலமே ஒழுங்கும் படிப்பு நேரமும்தான். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்டடி, விடுதிப் பிள்ளைகளுக்கு ராத்திரி ஸ்டடி. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இது நிஜமாகவே உதவும். ஆனால் எழுத்தை ஒலியோடு பொருத்துவதிலேயே சிரமப்படும் பிள்ளையை அதே கேள்வி-பதிலை இருபது தடவை எழுதவைத்தால், கை வலிதான் மிச்சம். நேரத்தைக் கூட்டினால் போதாது, சொல்லித்தரும் விதம் மாற வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் தேவை. இத்தகைய எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொன்னது. நடைமுறையில் அரசின் வட்டார வள மையத்திலிருந்து வந்துபோகும் சிறப்பாசிரியரையே பல பள்ளிகள் நம்பியிருக்கின்றன.

பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். பலரும் பத்தாம் வகுப்பு பாதியில்தான் இதற்கு ஓடுகிறார்கள். சொல்லி எழுதவைப்பதும் ஒரு பழக்கம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலேயே பழகாத பிள்ளை, பொதுத்தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கணக்கை எப்படிச் சொல்லும்?

பரிசோதனைக்கு எங்கே போவது? அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். அவர்கள் அனுப்பும் டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட மையத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள்.

‘சென்டம் ரிசல்ட்’ ஆசையில், ஒன்பதில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரிடம் ‘டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க’ என்று பேசிப்பார்க்கும் பள்ளிகளும் உண்டு. இதில் மதம், நிர்வாகம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. அப்படிப் பேச்சு வந்தால் டி.சி. கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பரிசோதனைக்குப் பரிந்துரை கேட்டுத் தலைமையாசிரியருக்கும் தாளாளருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகத் தேதியும் முத்திரையும் உள்ள நகல் கையில் இருக்கட்டும். பள்ளி அசையாவிட்டால் அந்த நகலோடு போக வேண்டிய இடம் மாவட்டக் கல்வி அலுவலகம்.