உங்களுக்குத் தெரியுமா? பின்சில்லில் கசியும் ஒயில்

கண்டியிலிருந்து கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும் பார லொறிகளில், ஓயாது மிதிக்கப்படும் பிரேக்கின் வெப்பம், டிபரன்ஷியல் ஒயில் சில்லுப் பக்கம் கசியாமல் தடுக்கும் றப்பர் வளையமான ஒயில் சீலை நாளடைவில் இறுகச்செய்து, அதன் மெல்லிய உதட்டை வெடிக்கவைக்கிறது. கசிந்த ஒயில் ஊறிய பிரேக் லைனிங் பிடிப்பை இழப்பதால், அதைக் கழுவிப் பூட்டாமல் புதிதாக மாற்றுவதே முறையாகும். தேய்ந்த பேரிங்கை விட்டுவைத்துச் சீலை மட்டும் மாற்றுவது பெருந்தவறு. ஏனெனில் தேய்ந்த பேரிங்கால் சில்லின் மையப்பகுதியான ஹப் ஆடும்போது புதிய சீலின் உதடும் ஒருபக்கமாகத் தேய்ந்து மீண்டும் கசியும். கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்கை, அவ்வுருளைகள் ஓடும் வெளிவளையமான கப்புடன் சேர்த்தே மாற்றி, சில்லைச் சுழற்றியபடி நட்டை இறுக்கிய பின்னர், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு அதைத் தளர்த்திப் பூட்டுவர்.