கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

பழவேற்காட்டு வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை விடியற்காலை 4 மணிக்கு எடுத்து, அன்றைய தேதியிட்ட கோப்பில் சேமித்து, குப்பத்தாரின் செல்பேசிகளுக்கு அனுப்ப ஒரு கட்டளை எழுதியிருக்கிறார். கையால் ஓட்டினால் ஓடுகிறது. கிரானிடம் விட்டால் ஓடுவதில்லை.

லினக்ஸில் நேரம் பார்த்து வேலையை ஏவுவது கிரான். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. 1987-இல் பால் விக்ஸி எழுதிய கிரானும் அதன் வழிவந்தவையும் இன்றும் பல கணினிகளில் ஓடுகின்றன.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். பாடு கிடைத்தாலும் முகத்துவாரம் தூர்ந்து கடல்நீர் ஏறாவிட்டால் அன்றைய வலை வெறும் வலைதான். கிரானும் முறையை மட்டுமே தரும். உங்கள் திரையில் இருக்கும் சூழலைத் தராது. நிரல்களைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் மிகக் குறைவு. ஆகவே முழுப் பாதையையும் எழுதுங்கள். வாடகை சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அங்கே 4 மணி என்றால் நமக்குக் காலை 9.30, கடலுக்குப் போகிறவர்கள் எப்போதோ போயிருப்பார்கள். முந்தைய நாள் இரவு 22.30 என்று குறிக்க வேண்டும்.

ஆனால் இவரைக் கவிழ்த்தது, கிரானில் எனக்கு மிகவும் பிடித்த விநோதமான சதவீதக் குறி. கோப்பின் பெயரில் தேதி சேர்க்க ஆண்டு, மாதம், நாள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் % போட்டிருக்கிறார். ஷெல்லுக்கு அது சாதாரண எழுத்து. கிரானோ முதல் % வந்ததுமே கட்டளை முடிந்தது என்று வெட்டிவிடும். மிச்சத்தை அந்தக் கட்டளைக்கே உள்ளீடாக ஊட்டும். தேதியை எடுக்கத் திறந்த அடைப்புக்குறி மூடாமல் கிடக்க, ஷெல் பிழை சொல்லி நின்றுவிடும். ஒவ்வொரு %-க்கு முன்னும் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும். அதைவிட நல்லது, கட்டளை முழுவதையும் தனி ஸ்கிரிப்டில் வைத்து, கிரானில் அதன் பெயரை மட்டும் எழுதுவது.

இந்தப் பிழையைக் கிரான் அஞ்சலில் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. தொல்லை என்று நினைத்து, மெயில்டூ என்ற வரியை வெறுமையாக விட்டு அதன் வாயை அடைத்திருக்கிறார். பலரும் செய்வதுதான், எனக்கு இது பொறுக்கவில்லை. எச்சரிக்கை வராத நாளைக் கடல் அமைதியான நாள் என்றுதானே ஒருவர் எடுத்துக்கொள்வார்? அந்த வரியை இன்றே நீக்குங்கள். தகவல் கிடைக்காத நாளில், "இன்று முன்னறிவிப்பு எடுக்க முடியவில்லை" என்றாவது குப்பத்துக்கு ஒரு செய்தி போகட்டும்.